காற்றுக்குக் கணக்கெழுதியவர்கள்

காற்றிலே என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். வாயு பகவான் இருக்கிறான் என்பார் ஒருவர். உயிர் இருக்கிறது என்பார் மற்றொருவர். ஒன்றுமில்லை, வெட்டவெளி என்று கைவிரிப்பார் வேறொருவர். அளந்து பார்த்தீர்களா என்று அடுத்த கேள்வியைப் போட்டால், மூவரும் ஒன்றுசேர்ந்து நம்மை முறைப்பர்!

அளந்து பார்த்தவர்கள் இருந்தார்கள். அமெரிக்க நாட்டிலே, கலிபோர்னியப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்திலே இருந்தார்கள். உலகம் சூடேறி வருகிறது என்று இன்று பள்ளிப் பிள்ளைகளும் பேசுகின்றனரே, அந்தப் பேச்சுக்கு அடியிலே கல்லாக நிற்பது அவர்கள் எழுதிவைத்த கணக்கு. அந்தக் கணக்கை எழுதவிடாமல் கையைப் பிடித்து நிறுத்திய நிகழ்ச்சிகளும் உண்டு. அவர்கள் எரிமலையின்மேல் உட்கார்ந்து கணக்கெழுதியவர்கள். எனினும், எரிமலை அவர்களைத் தடுத்ததைவிட, தலைநகரிலே வரவு செலவு பார்ப்போர் தடுத்ததே அதிகம். அந்த வரலாற்றை இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

பசிபிக் பெருங்கடலின் கரையிலே, சான் டியாகோ நகரையொட்டி, லா ஹோயா என்றோர் ஊர். அங்கே இருக்கிறது ஸ்கிரிப்ஸ் கடலாராய்ச்சி நிலையம். 1903ஆம் ஆண்டு, ஓர் ஓட்டலின் படகுக் கொட்டகையிலே அது பிறந்தது. வில்லியம் ரிட்டர் என்ற உயிரியல் பேராசிரியர், கடல்வாழ் உயிர்களை ஆராய இடம் தேடி வந்தார். பத்திரிகை நடத்திப் பொருளீட்டிய ஸ்கிரிப்ஸ் குடும்பத்தார் பணம் கொடுத்தனர். அவர்களுள் எல்லன் பிரவுனிங் ஸ்கிரிப்ஸ் என்ற அம்மையார், எழுத்தால் ஈட்டிய செல்வத்தைக் கடலை அறிவதற்கும், பெண்கள் கல்லூரியொன்று எழுவதற்கும் வாரி வழங்கினார். 1912இல் அந்த நிலையம் பல்கலைக் கழகத்தோடு இணைந்தது; 1925இல் இன்றைய பெயரைப் பெற்றது. நமது நாட்டுச் செல்வர்கள் கடற்கரையிலே எவற்றையெல்லாம் கட்டினார்கள் என்று நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்தால் கரியமில வாயு வெளிப்படும். பூமியிலிருந்து எழும் வெப்பத்தை அந்த வாயு வெளியே போகவிடாமல் பிடித்துக்கொள்ளும். இது பழைய செய்தி. சுவீடன் நாட்டு அறிஞர் அரீனியஸ் 1896லேயே இதற்குக் கணக்குப் போட்டார். 1938இல் இங்கிலாந்தைச் சேர்ந்த காலண்டர் என்ற பொறியாளர், வாயுவும் பெருகி வருகிறது, வெப்பமும் ஏறி வருகிறது என்று எண்களை அடுக்கிக் காட்டினார். அறிஞர் உலகம் அசைந்து கொடுக்கவில்லை. உலகின் முக்காற்பங்கைக் கடல் சூழ்ந்திருக்கிறது. எவ்வளவு வாயு வந்தாலும் அது விழுங்கிவிடும் என்றனர். எல்லாவற்றையும் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று பாமரர் சொல்வதுபோல, எல்லாவற்றையும் கடல் பார்த்துக்கொள்ளும் என்று படித்தவர்கள் சொன்னார்கள்!

இந்த நம்பிக்கையிலே ஓட்டை போட்டவர் ரோஜர் ரெவெல். 1909இல் பிறந்தவர், ஆழ்கடலின் அடியிலே படிந்த சேற்றை ஆராய்ந்து 1936இல் டாக்டர் பட்டம் பெற்றவர். போர்க்காலத்திலே கடற்படையில் பணியாற்றினார். 1946இல் பிகினித் தீவிலே அமெரிக்கா அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தபோது, கடல் அடைந்த மாற்றங்களை ஆராய்ந்த குழு அவர் தலைமையில் இயங்கிற்று. 1950 முதல் 1964 வரை ஸ்கிரிப்ஸ் நிலையம் அவர் பொறுப்பிலே இருந்தது. கடற்படையின் பணமும் அணுசக்தித் துறையின் பணமும் அந்நாளிலே நிலையத்துக்கு வந்து குவிந்தன. அழிவுக்கென ஒதுக்கிய பணத்திலே ஒரு பகுதியை அறிவின் பக்கம் திருப்பிய திறமை ரெவெலுடையது என்று பாராட்டலாம். குண்டு வெடிக்காமலே அந்தப் பணம் வந்திருக்கக் கூடாதா என்றும் கேட்கலாம். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

அவருக்குத் துணையாக வந்தவர் ஹான்ஸ் சூஸ். அவரும் 1909இல் பிறந்தவரே. ஆனால் ஊர் ஆஸ்திரிய நாட்டு வியன்னா. பாட்டனார் எட்வர்ட் சூஸ், பெரும் புகழ் பெற்ற நிலநூல் அறிஞர். தென் கண்டங்கள் ஒருகாலத்தில் ஒரே நிலப்பரப்பாக இருந்தன என்று கூறி, அதற்குக் கோண்டுவானா நிலம் என்ற பெயரை உலகெங்கும் பரப்பியவர் அவர்தான். கோண்டு மக்களின் நாட்டிலிருந்து எடுத்த பெயர் அது. அந்த மக்கள் பேசும் கோண்டி, நம் திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. காட்டுவாசிகள் என்று இந்நாட்டு உயர்சாதியார் ஒதுக்கிய மக்களின் பெயர், வியன்னா அறிஞரின் பேனாவால் உலகத்தின் பழங்கண்டத்துக்கே பெயராயிற்று! இது இடையிலே வந்த செய்தி, பேரனிடம் திரும்புவோம்.

காற்றிலுள்ள கரியிலே மிகமிகச் சிறு பகுதி கதிரியக்கம் உடையது. கரி-14 என்பது அதன் பெயர். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியிலே கிடந்த நிலக்கரியில் அது முற்றிலும் அழிந்துபோயிருக்கும். ஆகவே, நிலக்கரியை எரித்து எழும் வாயு காற்றிலே கலக்கக் கலக்க, காற்றிலுள்ள கரி-14இன் விகிதம் குறைந்துகொண்டே போகும், பாலிலே தண்ணீர் கலப்பதுபோல. மரங்களின் ஆண்டு வளையங்களிலிருந்து கட்டையை எடுத்துச் சோதித்த சூஸ், இந்தக் கலப்படத்தைக் கையும் களவுமாகப் பிடித்தார். 1955இல் அந்த முடிவு வெளிவந்தது. ஆலைப் புகை எங்கோ மறைந்துவிடவில்லை, காற்றிலேதான் கலந்திருக்கிறது என்பதற்கு அது கண்கூடான சான்று. சூஸை ரெவெல் தம் நிலையத்துக்கு அழைத்துக்கொண்டார்.

இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1957இல் ‘டெல்லஸ்’ என்ற ஆராய்ச்சி ஏட்டிலே வெளிவந்தது. கடலிலே வாயு கரைகிறது என்பது மெய்தான். ஆனால் கரைந்த வாயு கடல்நீரின் தன்மையையே மாற்றி, மேலும் கரைய வருவதற்குக் கதவைச் சாத்திவிடுகிறது. காற்றிலே அந்த வாயு நூற்றுக்குப் பத்துக் கூடினால், கடலின் மேல்நீர் தன் பங்கிலே நூற்றுக்கு ஒன்று அளவுதான் கூட்டிக்கொள்ளும். இந்த உண்மையை ரெவெல் கண்டது, கட்டுரையைப் பெரும்பாலும் எழுதி முடித்த பிறகு. வேறு தாளிலே தட்டச்சு அடித்த ஒரு பகுதி, பிரதியிலே பின்னர் ஒட்டப்பட்டிருப்பதை வரலாற்றாசிரியர்கள் கண்டு சொல்லியிருக்கின்றனர். கட்டுரையின் மற்றப் பகுதிகள் இன்னும் பழைய நம்பிக்கையின் சாயலிலேயே இருக்கின்றன. ஒட்டிய பகுதி மட்டும் அதை உடைக்கிறது. புதிய உண்மை பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது, பழைய தாளின்மேல் ஒட்டுப் போட்டுக்கொண்டு. மனித இனம் தன்னையறியாமல் உலகளாவிய சோதனை ஒன்றை நடத்திக்கொண்டிருக்கிறது. இதற்கு முன்பும் நடந்ததில்லை, மறுமுறை நடத்தவும் இயலாது என்ற எச்சரிக்கையும் அக்கட்டுரையிலே இருந்தது.

ரெவெலைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. லா ஹோயாவிலே புதிய பல்கலைக் கழகம் ஒன்றை எழுப்ப அவர் முனைந்தார். பேராசிரியர்களைத் தேடினார், அவர்களிலே யூதர்கள் பலர். அங்கேதான் தொல்லை எழுந்தது. அந்த அழகிய ஊரிலே யூதருக்கு வீடு விற்பதில்லை என்று நிலத் தரகர்கள் தமக்குள்ளே எழுதா ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தனர். வெள்ளையரல்லாதார் வேலைக்காரராக அன்றி அங்கே குடியிருக்கலாகாது என்று பழைய கிரயப் பத்திரங்கள் சிலவற்றிலே எழுத்திலேயே இருந்தது. இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றத்தின் துணைகொண்டு நிறைவேற்ற முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்த பிறகும் வழக்கம் போகவில்லை. அக்கிரகாரத் தெருவைப் பார்த்திருக்கும் நமக்கு இதை விளக்கவும் வேண்டுமா? ரெவெல் தரகர்களை அழைத்து நேருக்கு நேர் சொன்னார்: இந்த ஊருக்குப் பல்கலைக் கழகம் வேண்டுமா, யூதர் வாராத தெரு வேண்டுமா, இரண்டிலே ஒன்றைத் தெரிந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று. 1960இல் சான் டியாகோ கலிபோர்னியப் பல்கலைக் கழகம் எழுந்தது. ஆனால் அதன் தலைமைப் பதவி, அதற்காகப் பாடுபட்ட ரெவெலுக்குக் கிட்டவில்லை. ஆட்சிக் குழுவிலே அவருக்குப் பகைவர்கள் இருந்தனர். 1961இல் வேறொருவர் அமர்த்தப்பட்டார். 1964இல் ரெவெல் ஹார்வர்டு பல்கலைக் கழகத்துக்குப் போய்விட்டார்.

கடல் விழுங்காது என்று தெரிந்தது. அப்படியானால் காற்றிலே அந்த வாயு ஏறுகிறதா? ஆண்டுக்கு எவ்வளவு ஏறுகிறது? 1957இல் இதற்கு விடை சொல்ல உலகத்திலே ஒருவரிடமும் கணக்கு இல்லை. ஸ்காண்டினேவிய நாடுகளிலே பல ஊர்களில் அளந்து பார்த்தனர். ஊருக்கு ஊர், நாளுக்கு நாள், எண்கள் தாறுமாறாக வந்தன. காற்றின் குணமே அதுதான் என்று பலர் முடிவு கட்டிவிட்டனர்.

குணம் காற்றினுடையதா, அளந்த கருவியினுடையதா என்று கேட்டவர் சார்லஸ் டேவிட் கீலிங். பென்சில்வேனியா மாநிலத்து ஸ்க்ரேன்டன் நகரிலே 1928இல் பிறந்தவர். பியானோ வாசிப்பதிலே தேர்ந்தவர். இசையையே தொழிலாகக் கொண்டிருந்தாலும் வியப்பில்லை. வேதியியலிலே டாக்டர் பட்டம் பெற்றவருக்கு அந்நாளிலே பெரிய கம்பெனிகள் கதவைத் திறந்து வைத்திருந்தன. அவரோ மலையும் காடும் அருகே இருக்கும் வேலையாகத் தேடி, கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தை அடைந்தார். ஆற்றுநீரிலே கரைந்துள்ள கரியமில வாயுவை ஆராய்வது வேலை. அதற்குக் காற்றிலுள்ள அளவு தெரிய வேண்டும். நம்பத்தக்க எண் எந்தப் புத்தகத்திலும் இல்லை. சரி, நானே அளக்கிறேன் என்று தாமே கருவி செய்துகொண்டார்.

பிக் சர் என்ற கடற்கரைக் காட்டிலே போய்த் தங்கினார். உட்காற்று முழுவதையும் வெளியேற்றிய கண்ணாடிக் குடுவைகளைக் கொண்டுபோனார். தம் மூச்சு கலந்துவிடாதபடி ஒதுங்கி நின்று திறப்பைத் திருப்பினால், காட்டின் காற்று உள்ளே பாய்ந்து அகப்பட்டுக்கொள்ளும். பகலிலே மட்டுமா? இரவிலும் சில மணிக்கொருமுறை போர்வையை உதறிவிட்டு எழுந்து குடுவையை நிரப்பினார். அவ்வளவு தேவையா என்று கேட்டால், தேவையில்லைதான். அவருக்கு அதிலே ஓர் ஆசை! அந்த ஆசையின் பயனாகத்தான் உண்மை வெளிப்பட்டது. இரவிலே செடிகொடிகளும் மண்ணும் விடும் வாயுவால் அளவு ஏறும். பிற்பகலிலே காற்று நன்றாகக் கலந்தபின், எங்கே எடுத்தாலும் ஏறத்தாழ ஒரே அளவு: பத்து லட்சம் பங்கிலே 310 பங்கு. காட்டிலும் அதுதான், மலையிலும் அதுதான், கடல்மேலும் அதுதான். காற்று தாறுமாறானதல்ல, அளந்த கைகளே தாறுமாறாக இருந்தன!

1956இல் ரெவெல் அவரை ஸ்கிரிப்ஸ் நிலையத்துக்கு அழைத்தார். இருவருக்கும் கருத்து வேற்றுமை இருந்தது. கப்பலும் விமானமும் கொண்டு உலகெங்கும் ஒருமுறை அளந்துவிடலாம். இருபது ஆண்டு கழித்து மறுபடி அளந்து ஒப்பிடலாம் என்பது ரெவெலின் எண்ணம். கீலிங் வேறுபட்டார். ஒரு சில இடங்களிலே கருவியை நிறுத்தி, இடைவிடாமல் அளந்துகொண்டே இருக்க வேண்டும் என்றார். மூத்தவரின் மாளிகையிலே வந்து சேர்ந்த 28 வயது இளைஞர்! மூத்தவர் வாய் மூடு என்று சொல்லவில்லை. இரண்டுக்கும் வழி செய்தார். 1957–58 அனைத்துலகப் புவியியற்பியல் ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. அதற்கென ஒதுக்கிய பணத்திலே கருவிகள் வாங்கப்பட்டன. ஒன்று தென்முனைப் பகுதிக்குச் சென்றது. இன்னொன்று ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைக்குச் சென்றது.

மௌனா லோவா ஓர் எரிமலை. கடல்மட்டத்துக்குமேல் ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்திலே, புல்லும் முளைக்காத கருங்கற் குழம்பின்மேல், வானிலைத் துறை 1956இல் நிலையம் அமைத்திருந்தது. எரிமலையே கரியமில வாயுவைக் கக்குமே, அங்கேயா அளப்பது என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டிய கேள்விதான். எரிமலைப் பிளவிலிருந்து வரும் வாயு, இரவிலே சரிவில் இறங்கும் காற்றோடு வரும்போது எண் நிலையாக நில்லாமல் துள்ளும்; கருவி எழுதும் கோட்டிலே அது பளிச்செனத் தெரியும். அத்தகைய நேரங்களை ஒதுக்கிவிடுவர். நடுக்கடலின் தூய காற்று வந்து மோதும் நேரத்து எண்களே கணக்கிலே சேரும். எரிமலையே இல்லாத தென்முனை நிலையத்துக் கணக்கும் அதே ஏற்றத்தைக் காட்டுகிறது; இதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்?

1958 மார்ச்சிலே கருவி ஓடத் தொடங்கிற்று. முதல் எண் 313. மே மாதம் வரை ஏறிற்று. பிறகு மின்சாரம் நின்றது, கருவி ஓய்ந்தது. மீண்டும் ஓடியபோது எண் இறங்கியிருந்தது. கீலிங் கலங்கினார், பழைய தாறுமாறுக்கே வந்துவிட்டோமா என்று. அடுத்த ஆண்டும் அதே மே மாதத்திலே உச்சம். அதேபோல் இலையுதிர் காலத்திலே தாழ்வு. அப்போதுதான் விளங்கிற்று! வடபாதி உலகத்திலே கோடைக்காலம் வந்தால் காடும் கழனியும் தழைத்துக் கரியமில வாயுவை இழுக்கின்றன. குளிர்காலத்திலே இலை உதிர்ந்து மக்கி அதைத் திருப்பி விடுகின்றன. உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஒருமுறை மூச்சை இழுத்து விடுவதை மனிதர் கண்டது அதுவே முதல் தடவை. இந்த மூச்சுக்கு அடியிலே இன்னொன்றும் இருந்தது. ஒவ்வோர் ஆண்டின் உச்சமும் முந்தைய ஆண்டின் உச்சத்தைவிடச் சற்று உயர்ந்திருந்தது. 1960இல், வாயு ஏறுகிறது என்று கீலிங் ஏட்டிலே எழுதினார். காலண்டர் சொன்னது சரி; சூஸ் பிடித்தது சரி; ரெவெல் ஒட்டிய தாளும் சரி.

இவ்வளவு பெரிய செய்தி கிடைத்தபின், அந்தக் கருவிக்கு ஆராத்தி எடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? 1964இல் அதை நிறுத்தினார்கள்! அமெரிக்கப் பாராளுமன்றம் செலவைக் குறைத்தது. மலையிலே ஆள் குறைந்தது. அவ்வாண்டின் வசந்த காலத்திலே சில மாதங்கள் கணக்கு இல்லை. கீலிங்கின் வரைகோட்டை இன்றும் உற்றுப் பாருங்கள். 1964இலே ஓர் ஓட்டை தெரியும். ஹவாய் மக்களின் பழைய நம்பிக்கையிலே, எரிமலைகளுக்குப் பெலே என்றொரு பெண் தெய்வம் உண்டு. அந்தத் தெய்வம் போட்ட ஓட்டையல்ல இது. வாஷிங்டன் நகரத்துக் கணக்கர்கள் போட்ட ஓட்டை.

கீலிங் மன்றாடிப் பணம் பெற்று மீண்டும் தொடங்கினார். பிறகும் தொல்லை தீரவில்லை. தினந்தோறும் ஒரே வாயுவை அளந்துகொண்டிருப்பது ஆராய்ச்சியா? அது குமாஸ்தா வேலையல்லவா? இதற்கு எதற்கு ஆராய்ச்சிப் பணம்? என்று அதிகாரிகள் கேட்டார்கள். ஒரு கட்டத்திலே, ஆண்டுக்கு இரண்டு கண்டுபிடிப்புகள் செய்வதாக உறுதி கூற வேண்டும் என்றுகூட அவரிடம் கேட்டனர்! கிணறு வெட்டுகிறவனிடம், மண்வெட்டியைக் கையில் எடுக்குமுன்பே, ஆண்டுக்கு இரண்டு ஊற்று என்று எழுதி வாங்குவதைப் போன்றது அது. அதே வேளையிலே, 1965 நவம்பரில், ஜான்சன் குடியரசுத் தலைவராக இருந்தபோது, அவருடைய அறிவியல் ஆலோசனைக் குழு சுற்றுப்புறத் தூய்மைபற்றி அறிக்கை தந்தது. அதிலே கரியமில வாயுபற்றிய பகுதியை எழுதிய குழுவுக்குத் தலைவர் ரெவெல். உறுப்பினருள் ஒருவர் கீலிங். அந்தக் கணக்கை ஒரு கை வாங்கிப் படித்தது. இன்னொரு கை அதற்குப் பணம் மறுத்தது!

1974இல் அரசின் கடல்–வளிமண்டல நிர்வாகமும் அதே மலையிலே தன் கருவியை வைத்தது. இனி உம் கருவி எதற்கு என்று கேட்பவர்களுக்கு அது வசதியாயிற்று. ஒருவர் எழுதும் கணக்கை இன்னொருவர் தணிக்கை செய்யாவிட்டால் பிழை எப்படித் தெரியும் என்று கீலிங் மல்லுக்கு நின்றார். 2005 ஜூன் மாதம் அவர் மாண்டபோது, தொடங்கியபோது 313 ஆக இருந்த எண் 380ஐ எட்டியிருந்தது. 47 ஆண்டுகள் ஒரே வாயுவை, ஒரே பொருளை, சலிக்காமல்! நாட்டின் உயர்ந்த அறிவியல் விருது அவரைத் தேடி வந்தது மெய்தான். ஆனால் அது வந்தது வாழ்க்கையின் கடைசி ஆண்டுகளிலே.

தந்தைக்குப் பின் கணக்கைத் தொடர்ந்தவர் மகன் ரால்ஃப் கீலிங். வாரிசு என்றவுடன் முகம் சுளிக்க வேண்டாம். இவர் தந்தையின் நாற்காலிக்கு வருமுன்பே தமக்கென ஒரு கணக்கைத் தொடங்கியவர். கரி எரிந்தால் காற்றிலுள்ள பிராணவாயு செலவாக வேண்டும் அல்லவா? அந்தக் குறைவு மிக மிகச் சிறியது. மூச்சுவிட அதனால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் அளக்க முடிந்தால் அருமையான சான்று. அளக்கும் முறையை அவர் வகுத்தார். 1980களின் இறுதியிலிருந்து அளந்து வருகிறார். கரியமில வாயு ஏறுகிறது, பிராணவாயு இறங்குகிறது. கடலோ எரிமலையோ வாயுவைக் கக்கியிருந்தால் பிராணவாயு இந்த அளவுக்கு இறங்கக் காரணமில்லை. எரித்தவன் மனிதன்தான் என்பதற்குக் காற்றே எழுதிக் கொடுத்த ரசீது அது.

அந்த நிலையத்தின் வரலாற்றிலே நம் மண்ணைச் சேர்ந்த ஒருவருக்கும் பெரிய இடம் உண்டு. வீரபத்திரன் இராமநாதன் 1944இல் சென்னையிலே பிறந்தவர். சிறு வயதிலே தமிழ் வழியாகக் கற்றவர். 11 வயதிலே குடும்பம் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பள்ளியில் பாடம் ஆங்கிலத்திலே. ஆசிரியர் சொல்வது விளங்கவில்லை. முன்வரிசை மாணவர் பின்வரிசைக்கு இறங்கினார். ஆசிரியர் வாயிலிருந்து வருவதைக் கேட்டுப் பயனில்லை என்றான பிறகு, எதையும் தாமே சிந்தித்துக் கண்டுபிடிக்கும் பழக்கம் வந்தது என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். அவருக்கு அது வாய்த்தது. அதே வகுப்பறையிலே மொழி விளங்காமல் படிப்பை விட்டொழித்த பிள்ளைகள் எத்தனை பேரோ! ஒன்றை இங்கே நினைவூட்டலாம். 1964–66இல் இந்திய அரசு அமைத்த கோத்தாரி கல்விக் குழுவிலே வெளிநாட்டு உறுப்பினராக அமர்ந்தவர்களுள் ஒருவர், நாம் மேலே கண்ட ரோஜர் ரெவெல். பல்கலைக் கழகப் படிப்பும் வட்டார மொழிகளிலே நடைபெற வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டிலே இருக்கிறது.

இராமநாதன் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்திலே பொறியியல் படித்து 1965இல் பட்டம் பெற்றார். அந்த ஆண்டு சனவரி 27ஆம் நாள்தான், அதே பல்கலைக் கழகத்து மாணவர் இராசேந்திரன், மொழிப் போரிலே துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். பட்டம் பெற்றவருக்குக் கிடைத்த வேலை செகந்தராபாத்திலே, குளிர்பதனப் பெட்டி செய்யும் கம்பெனியிலே. பெட்டியிலுள்ள குளிர்வாயு கசிந்து போகிறது. ஏன் என்று கண்டுபிடி என்றார்கள். கசிந்த வாயு எங்கே போகிறது என்று அன்று யாரும் கேட்கவில்லை. பெங்களூர் அறிவியல் கழகத்திலே மேற்படிப்பு, பிறகு அமெரிக்கா. 1974இல் டாக்டர் பட்டம், செவ்வாய், வெள்ளி ஆகிய கோள்களின் வளிமண்டலம்பற்றிய ஆராய்ச்சி நடந்த ஒரு துறையிலே.

அந்த ஆண்டிலேதான், குளிர்வாயுவான குளோரோபுளோரோ கார்பன் உயர வானிலே ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று மொலினா, ரோலண்டு என்ற இருவர் எழுதினர். இராமநாதனுக்குப் பழைய கம்பெனி நினைவுக்கு வந்திராமலா இருக்கும்? அந்த வாயு வெப்பத்தைப் பிடித்து வைக்குமா என்று கணக்கிட்டார். விடை அவரையே திடுக்கிட வைத்தது. ஒரு மூலக்கூறு குளிர்வாயு, ஏறத்தாழ பதினாயிரம் மூலக்கூறு கரியமில வாயு செய்யும் வேலையைச் செய்கிறது! 1975இல் அந்த முடிவு ‘சயன்ஸ்’ ஏட்டிலே வெளிவந்தது. அதுவரை உலகச் சூட்டுக்குக் கரியமில வாயு ஒன்றையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருந்தனர். அன்றிலிருந்து கூண்டிலே கூட்டம் சேர்ந்தது. 1980இல், மேடன் என்பாரோடு சேர்ந்து, வாயுவால் ஏறும் சூடு 2000ஆம் ஆண்டுக்குள் ஐயத்துக்கிடமின்றித் தென்பட்டுவிடும் என்று எழுதினார். தென்பட்டுவிட்டது.

1990இல் அவர் ஸ்கிரிப்ஸ் நிலையத்துக்கு வந்தார். 1999இல், நோபல் பரிசு பெற்ற பால் குருட்சனோடு இணைந்து, இந்தியப் பெருங்கடல்மேல் கப்பலும் விமானமும் செலுத்தி நடத்திய ஆராய்ச்சி உலகை உலுக்கிற்று. தெற்காசியாவின் அடுப்புப் புகையும் ஆலைப் புகையும் வண்டிப் புகையும் கூடி, மூன்று கிலோமீட்டர் கனத்துக்குப் பழுப்பு மூட்டமாகக் கடல்மேல் கவிந்திருந்ததைக் கண்டனர். கடலின்மேல் விழும் வெயிலிலே 10 சதவீதம் வரை அந்த மூட்டம் பறித்துக்கொண்டது. ஆசியப் பழுப்பு மேகம் என்று பெயர் வைத்தனர். இந்திய அரசுக்குக் கோபம் வந்தது, புகையின்மேல் அல்ல, பெயரின்மேல்! பெயரை மாற்றினார்கள்; வளிமண்டலப் பழுப்பு மேகம் என்றாயிற்று. புகை அப்படியே இருந்தது. இராமநாதனோ வட இந்தியக் கிராமங்களிலே விறகடுப்பின் முன் குனிந்திருக்கும் தாய்மாரிடம் சென்றார். புகை குறைந்த அடுப்புகளைக் கொடுத்து அளந்து பார்க்கும் வேலையிலே இறங்கினார்.

போப்பாண்டவரின் அறிவியல் பேரவையிலும் அவருக்கு இடம் உண்டு. கலீலியோவை மண்டியிட வைத்த பீடம், வானத்தின் வெப்பம்பற்றி இன்று விஞ்ஞானியைக் கூப்பிட்டுக் கேட்கிறது, அதுவரையிலே முன்னேற்றந்தான். குளிர்வாயுக்கள் வகையிலே பலனும் விளைந்தது. 1987இல் மொன்றியல் நகரிலே கையெழுத்தான ஒப்பந்தம் குளோரோபுளோரோ கார்பனுக்கு முடிவு கட்டிற்று. அவற்றுக்கு மாற்றாக வந்த வாயுக்களும் சூட்டைக் கூட்டுபவை. அவற்றைக் குறைக்க 2016இல் ருவாண்டாவின் கிகாலி நகரிலே உலக நாடுகள் ஒப்பின. கரியமில வாயுவுக்கு அத்தகைய முடிவு வரவில்லை. எண்ணெய்க்கு இருக்கும் நண்பர்கள் குளிர்வாயுவுக்கு இல்லை.

மலைமேலிருந்த கருவிக்கு என்ன ஆயிற்று? 2013இல் மறுபடியும் பணம் வறண்டது. ரால்ஃப் கீலிங் பொதுமக்களிடம் சிறு தொகைகள் கேட்டு வேண்டுகோள் விடுத்தார். உலகத்தின் நாடியைப் பிடித்துப் பார்க்கும் வேலைக்கு உண்டியல்! நாலணா எட்டணா திரட்டி இயக்கம் வளர்த்தவர்களின் பிள்ளைகளுக்கு அதன் அருமை தெரியும். 2022 நவம்பர் 27ஆம் நாள் மௌனா லோவா வெடித்தது. நெருப்புக் குழம்பு பாதையை அறுத்தது, மின்கம்பிகளை எரித்தது, கருவி நின்றது. சில வாரங்களுக்குள்ளே அண்டையிலுள்ள மௌனா கேயா மலைமீது கருவியை ஏற்றி அளக்கத் தொடங்கிவிட்டனர். தொழில்கள் பெருகுமுன் 280 அளவிலே இருந்த எண், 2024ஆம் ஆண்டின் சராசரியாக 424ஐத் தாண்டிற்று.

2025இல், அடுத்த நிதியாண்டுக்கென அமெரிக்க ஆட்சி முன்வைத்த வரவு செலவுத் திட்டத்திலே, மௌனா லோவா நிலையத்தை நடத்திவரும் அரசு ஆராய்ச்சிக் கூடத்துக்குப் பணம் ஒதுக்கப்படவில்லை. அந்த ஆண்டு மே மாதத்திலேதான், மலைமேல் இருந்த கருவிகள், மாதச் சராசரியாக 430க்கு மேற்பட்ட எண்ணை முதன்முறையாக எழுதின.